ஓரகத்திக்கு நான்கு மேற்கோள்

பெரியவள் சின்னவளோடு பேசி இருபது நாளாகிவிட்டது. ஒரே வீடு, ஒரே சமையலறை, காலையில் ஒரே பேருந்து, ஒரே அலுவலகம், அங்கேயும் ஒரே மேசை. இத்தனை ஒன்றுகளுக்கு நடுவில் ஒருத்தி இன்னொருத்தியோடு பேசாமல் இருப்பதென்றால் அதற்குத் தனியாகப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். பெரியவள் எடுக்கவில்லை. பிறவியிலேயே அவளுக்கு அந்த வரம் இருந்தது. கல்லுளி மங்கி என்று அவள் கணவரே சொல்லுவார், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு.

அண்ணனைக் கட்டிக்கொண்டவள் பெரியவள், தம்பியைக் கட்டிக்கொண்டவள் சின்னவள். ஆக, இருவரும் ஓரகத்திகள். ஓரகத்திகள் ஒரே வீட்டில் இருந்தால் குடுமிப்பிடிச் சண்டை நடக்கும் என்று ஊர் எதிர்பார்க்கும். இவர்கள் பதினோரு வருடம் ஊரை ஏமாற்றினார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் இருந்தவர்கள் காத்திருந்து காத்திருந்து, இது தேறாது என்று தங்கள் வீட்டுச் சண்டைக்கே திரும்பிவிட்டார்கள். அப்படி யாரும் பார்க்காத நேரம் பார்த்துச் சண்டை வந்ததுதான் வயிற்றெரிச்சல்.

அதுவும் எந்த நேரத்தில்! பெரியவளின் கணவருக்கு வேலை மாற்றல் வந்திருந்தது. பதவி உயர்வோடு மாற்றல். வேண்டாம் என்று சொல்ல முடியாது. போகிற ஊர் ஐந்து மணி நேரப் பயணம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சாமான் ஏற்ற லாரி வருகிறது. வெள்ளிக்கிழமை பெரியவளுக்கு அலுவலகத்தில் கடைசி நாள். இன்று புதன். அந்த லாரி வருவதற்குள் அக்கா தன்னிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். சின்னவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நடந்ததைக் கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள். ஒரு விடுமுறை நாள் காலை, சாப்பாட்டு மேசையில் இரண்டு பக்கக் கடிதம் ஒன்று கிடந்தது. பெரியவள் யாருக்கோ எழுதி, மை காயட்டும் என்று வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போயிருந்தாள். சின்னவள் கையில் தேநீர்க் கோப்பையோடு வந்தாள். கொண்டையில் வழக்கம்போல் பென்சில்; பிழைதிருத்துவதுதான் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். திருத்தின கை மட்டும் இருக்குமா? உட்கார்ந்தாள். ஏழு பிழை கண்டுபிடித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் குறி போட்டாள். கடைசியில், அலுவலக வழக்கப்படி, ‘திருத்தங்களுக்குப் பின் மறுபடி காட்டவும்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது கடிதம் மேசையில் இல்லை. பெரியவளின் பேச்சும் அதோடு போயிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டு என்பதும் பேச்சுதானே!

கடிதத்தில் என்ன இருந்தது? அதுதான் வேடிக்கை. சின்னவளுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பிழைதிருத்துகிறவர்கள் எழுத்தைப் பார்ப்பார்கள், விஷயத்தைப் பார்க்க மாட்டார்கள். விஷயத்தில் மனம் போனால் எழுத்து கண்ணை ஏமாற்றிவிடும். தையல்காரர் சட்டையைப் பார்க்கிறாரா, உள்ளே இருக்கும் ஆளையா? இதைப் புருஷனிடம் சொன்னால் அவன் நம்பவில்லை.

“ரெண்டு பக்கத்தையும் வரிவரியாப் பார்த்திருக்கே. என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாதா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியே!”

“ஒரு ‘ற’ இருக்க வேண்டிய இடத்துல ‘ர’ இருந்துச்சு. அது நல்லா ஞாபகம் இருக்கு.”

“போடி, இவளே!”

வீட்டில் செய்திகள் தபாலில் போவதுபோல் சுற்றிப் போயின. அடுப்பில் பால் பொங்கினால் பெரியவள் தன் கணவரைப் பார்த்து, “உங்க தம்பி பொண்டாட்டி வச்ச பால் பொங்குது” என்பாள். அவர் செய்தித்தாளை இறக்கி, “டேய், பால் பொங்குதாம்” என்பார். தம்பி குளியலறைக் கதவைத் தட்டி, “பாலாம்” என்பான். சின்னவள் தலையில் துண்டோடு ஓடிவரும்போது பால் தரையில் நடந்துகொண்டிருக்கும். அண்ணனும் தம்பியும் துடைப்பார்கள். இருவருக்கும் வாய் திறக்கப் பயம். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற பெண்ணைச் சமாளித்துவிடலாம், பேசாத பெண்ணை எந்தப் பக்கம் பிடிப்பது?

அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. அங்கே லத்தீன் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் பேரகராதி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருடமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. இப்போதுதான் ஒன்பதாவது எழுத்துக்கு வந்திருந்தார்கள். இந்த வேகத்தில் கடைசி எழுத்தைத் தொடும்போது லத்தீன் இரண்டாவது முறையும் செத்துப்போயிருக்கும் என்று கீழ்த்தளத்தில் பேசிக்கொண்டார்கள். தலைமைப் பதிப்பாசிரியருக்கு அலுவலகம் வைத்த பெயர் வேர்ச்சொல். வணக்கம் சொன்னால் அந்த வணக்கத்தின் வேர் எது என்று ஆரம்பித்துவிடுவார். வீட்டில் அவரை அகராதி பிடித்தவர் என்று திட்டினால் பாராட்டாக எடுத்துக்கொள்வார் என்றும் கேள்வி.

ஓரகத்திகள் இருவரும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பிரிவு. பிரிவே அவ்வளவுதான். ஒருத்தி மூலத்தாளை வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பாள், புள்ளி கோடு எல்லாம் வாயால் சொல்லி. மற்றவள் அச்சுப்படியில் பென்சில் வைத்து அதைப் பின்தொடர்வாள். காதில் விழுந்தது தாளில் இல்லையென்றால் ஓரத்தில் எழுதிச் சேர்ப்பாள். பார்க்கிறவள் பேசக்கூடாது. சரியாகக் கேட்கவில்லையென்றால் மேசையை ஒரு தட்டு தட்ட வேண்டும். வாசிக்கிறவள் திருப்பி வாசிக்க வேண்டும். இது வேர்ச்சொல் போட்ட சட்டம்.

“காது சொல்றதைக் கை எழுதணும். நடுவுல மூளை வரக்கூடாது. மூளை வந்துச்சுன்னா பிழை வந்துரும்” என்பார்.

திருத்திய தாள் கீழ்த்தளத்துக்குப் போகும். அங்கே பக்கம் கட்டுகிறவருக்கு ஈயடிச்சான் என்று பெயர். ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே ஏற்றுவார். தாளில் ஈ செத்துக் கிடந்தால் அதற்கும் ஓர் இடம் ஒதுக்குவார். அப்படிப்பட்ட மனிதர் கிடைக்க அகராதி தவம் செய்திருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை வாசிக்கும் முறை சின்னவளுடையது. தாளை எடுத்தவள் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டாள். முதல் சொல்லே அது. வேர்ச்சொல் மூன்று மாதம் முன்பு இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு மாடி முழுக்க நடனமாடியிருந்தார். “மத்த மொழிக்காரன் எல்லாம் இதுக்கு ஒரு வாக்கியம் எழுதிக்கிட்டு முழிக்கிறான். நாம ஒரே சொல்லுல அடிக்கிறோம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் இதுக்குன்னு தனியா ஒரு பேரு வச்சிருக்கான் பாருங்க! அவன் வீட்டுல என்ன நடந்துச்சோ!”

சின்னவள் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள்.

“தலைச்சொல், தடித்த எழுத்து, யானிட்ரீக்கேஸ். ரீ நெடில், கே நெடில். காற்புள்ளி. ஆறாம் வேற்றுமை, யானிட்ரீக்கும். நான்காம் வேற்றுமை, யானிட்ரீக்கிபுஸ். பெண்பால், பன்மை. அடைப்பு ஆரம்பம். ஒருமை வடிவம் நூல்களில் காணப்படவில்லை. அடைப்பு முடிவு. பொருள், முக்காற்புள்ளி. ஓரகத்திகள். அரைப்புள்ளி. உடன்பிறந்த ஆண்களின் மனைவியர். முற்றுப்புள்ளி.”

பெரியவளின் பென்சில் எறும்பு ஊர்வதுபோல் வரியின் அடியில் ஊர்ந்துகொண்டிருந்தது. முகத்தில் ஒரு சலனம் இல்லை. யாரோ பக்கத்துத் தெரு ஓரகத்தியைப் பற்றிச் சொல்வதுபோல் உட்கார்ந்திருந்தாள். லத்தீனுக்கு ஆறு வேற்றுமை, நம் வீட்டுக்கு ஒரே வேற்றுமை, அதையே தாங்க முடியவில்லையே என்று சின்னவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு வந்தது. சிரிப்பைப் பல்லுக்குப் பின்னால் அடக்கியபோது, அடங்காமல் வேறொன்று வெளியே வந்துவிட்டது. அதே வாசிப்புக் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

“மேற்கோள் ஒன்று. முக்காற்புள்ளி. அக்கா, காற்புள்ளி, அந்தக் கடிதத்தை நான் படிக்கவில்லை, அரைப்புள்ளி, திருத்த மட்டும்தான் செய்தேன். முற்றுப்புள்ளி.”

பென்சில் நின்றது. பெரியவளின் கண் தாளின் மேல் ஒரு முறை போய் வந்தது. அச்சில் அப்படி ஒரு வரி இல்லை. பிறகு அவள் செய்ததைச் சின்னவள் சாகும்வரை மறக்க மாட்டாள். ஒரு செருகல் குறி போட்டு, ஓரத்தில், முத்து முத்தான எழுத்தில், அந்த வரியைக் காற்புள்ளி அரைப்புள்ளி உட்பட எழுதிச் சேர்த்துவிட்டு, அடுத்த சொல்லுக்குத் தயார் என்று பென்சிலை நகர்த்தினாள். சட்டம் சட்டம்தான். காது சொன்னது, கை எழுதியது.

மாலை தாள் கீழே போனது. ஈயடிச்சான் ஏற்றினார்.

வியாழக்கிழமை காலை வாசிக்கும் முறை பெரியவளுடையது. புதிய அச்சுப்படி சின்னவளின் முன்னால் இருந்தது. அதில் ஓரகத்திகளுக்குக் கீழே, ஏதோ பழங்காலப் புலவர் சொன்னதுபோல் சாய்வெழுத்தில், ‘அக்கா, அந்தக் கடிதத்தை நான் படிக்கவில்லை; திருத்த மட்டும்தான் செய்தேன்.’ என்று அழகாக நின்றது. சின்னவள் பென்சிலை எடுத்தாள். அதை அடித்துவிட வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. இன்னும் கொஞ்சம் போகட்டுமே என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவது மனத்துக்குத்தான் எப்போதும் குரல் பெரிது.

பெரியவள் நேற்றுத் திருத்திய தாளை வைத்து வாசித்தாள். வேற்றுமை வடிவங்களை வாசித்தாள், பொருளை வாசித்தாள், மேற்கோளையும் வாசித்தாள். இருபது நாளாகத் தன்னிடம் பேசாத வாயிலிருந்து ‘அக்கா’ என்று ஒரு சொல் வருகிறது, அதுவும் சின்னவளின் வாக்கியத்தில் இருந்து! முடித்துவிட்டு, தாளைப் பார்த்தபடியே, குரல் மாறாமல் மேலே போனாள்.

“மேற்கோள் இரண்டு. முக்காற்புள்ளி. படிக்காமல் திருத்துவது எப்படி என்று ஓரகத்தி கேட்டாள். முற்றுப்புள்ளி.”

சின்னவள் மேசையைத் தட்டினாள். கேட்கவில்லை என்பதற்கு அல்ல, நன்றாகவே கேட்டது. இன்னொரு முறை கேட்கலாமே என்றுதான். பெரியவள் திருப்பி வாசித்தாள். மறுபடி தட்டினாள். மறுபடி வாசித்தாள். மூன்றாவது தட்டுக்கு அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். சின்னவள் சட்டென்று குனிந்து எழுதிவிட்டாள். எழுத்து கோழி கிளறியது மாதிரி வந்தது. தோள் குலுங்கிக்கொண்டே எழுதினால் எப்படி இருக்கும்?

மதியத்துக்குள் ஈயடிச்சான் அடுத்த படியை அனுப்பிவிட்டார். சாப்பாட்டுக்குப் பின் முறை மாறும், சின்னவள் வாசித்தாள். இரண்டு மேற்கோளையும் வாசித்துவிட்டு மூன்றாவதைக் கோத்தாள்.

“மேற்கோள் மூன்று. முக்காற்புள்ளி. அதில் ஏழு பிழை இருந்தது என்பதைத் தவிர, காற்புள்ளி, வேறு என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முற்றுப்புள்ளி.”

பெரியவளின் பென்சில் முனை பட்டென்று உடைந்தது. அவள் எழுந்தாள். ஜன்னல் ஓரம் போய், சின்னவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பென்சிலைச் சீவினாள். அரைப் பென்சில் போகும் அளவுக்குச் சீவினாள். திரும்பி வந்து அந்த வரியை எழுதினாள். எழுதி முடித்த பிறகும் கை நிற்கவில்லை. யாரும் வாசிக்காத எதையோ ஓரத்தில் எழுதிக்கொண்டே போனாள். சின்னவள் கழுத்தை நீட்டினாள். பெரியவள் தாளை மடித்து உறையில் போட்டு, தானே படியிறங்கிக் கீழே கொடுத்துவிட்டு வந்தாள். அன்று மாலை பேருந்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. ஒருத்தி வலது பக்க ஜன்னலைப் பார்த்தாள். மற்றவள் அந்த ஒருத்தியைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வேர்ச்சொல் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். இறுதிப் படியில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். முகத்தில் பெரிய குழப்பம்.

“உட்காருங்க. நான் இந்தப் பதிவை எழுதும்போது மேற்கோளே கொடுக்கல. இப்ப நாலு இருக்கு. நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்த நூல், எந்தப் பக்கம், ஒண்ணும் குறிப்பிடலையே?”

சொல்லிவிட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி, நான்கையும் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். அக்கா, அந்தக் கடிதத்தை நான் படிக்கவில்லை என்று அந்த எழுபது வயது மனிதர் நிதானமாக, பாடல் விளக்குவதுபோல் சொன்னதும் சின்னவளுக்குத் தாங்கவில்லை. கையிலிருந்த தாளால் வாயை மூடிக்கொண்டாள். இரண்டாவதில் தாள் நடுங்கியது. மூன்றாவதில், ஏழு பிழை என்று அவர் விரல் விட்டுக் காட்டியபோது, பக்கத்து நாற்காலியிலிருந்து க்ளுக் என்று ஒரு சத்தம் வந்தது. கல்லுளி மங்கி! சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த அறையிலேயே உருண்டுவிடுவாள் என்று அவளுக்கே தெரியும்.

“சிரிக்கிற மாதிரி இதுல என்ன இருக்கு? எந்த நூல்னு கேட்டேன்.”

“இன்னும் வெளிவராத நூல் சார்” என்றாள் பெரியவள்.

“ஆசிரியர்?”

“ரெண்டு பேரு.”

“ஓ, கூட்டு முயற்சியா?”

“கூட்டுக் குடும்பம் சார்” என்று சொல்லிவிட்டுப் பெரியவள் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. ஒருத்தி நிறுத்தினால் மற்றவள் ஆரம்பித்தாள். சின்னவளுக்கு விக்கல் எடுத்தது. பெரியவளுக்குக் கண்ணீர் வழிந்தது. வேர்ச்சொல் இருவருக்கும் நடுவில் தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு, பாவம், சிரிப்பு என்ற சொல்லின் வேரை யோசித்துக்கொண்டிருந்தார் போலும்.

அடங்கியதும் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “எதுவோ இருக்கட்டும். என் கவலை நாலாவதுதான்.” அதைப் படித்தார். “‘ஏழு அல்ல, ஆறு. பயமாயிருக்கு என்று நான் எழுதியது பிழை அல்ல.’ இது அந்தரத்துல நிக்குதே? என்ன பயம்? யாருக்கு? எதைப் பார்த்து? படிக்கிறவன் கேப்பானா மாட்டானா? ஒரு அகராதி ஆளை இப்படி நட்டாத்துல விடலாமா?”

சின்னவளின் சிரிப்பு அப்படியே நின்றது. நேற்றுப் பெரியவள் ஓரத்தில் எழுதியது இதுவா? பயமா? அக்காவுக்கா? இவளுக்கு என்ன பயம் இருக்க முடியும், கரப்பான்பூச்சியைக் கையால் பிடித்து வெளியே போடுகிறவள்! அவள் ஏழாவது பிழையாகத் திருத்தியது ஞாபகம் வந்தது. பேச்சு வழக்கில் இருந்ததை அடித்துவிட்டு, ‘பயமாக இருக்கிறது’ என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். எதற்குப் பயம் என்று ஒரு வரி மேலே பார்த்திருக்கக் கூடாதா இந்தக் கண்?

பெரியவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து நான்காக மடித்த கடிதம் வந்தது. அனுப்பவே இல்லை.

“என் தங்கச்சிக்கு எழுதினது” என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு அதைச் சின்னவள் பக்கம் நீட்டினாள்.

சின்னவள் பிரித்தாள். தன்னுடைய பென்சில் குறிகள்தான் முதலில் தெரிந்தன. அப்புறம் அவையும் தெரியவில்லை. சிரித்த கண்ணீரும் இந்தக் கண்ணீரும் ஒன்றாகிவிட்டன. “எழுத்து தெரியலக்கா. நீங்களே வாசிங்க.”

பெரியவளுக்கு வாசிப்பு என்றால் ஒரே வாசிப்புத்தான் தெரியும். கடிதத்தை வாங்கி, முதுகை நிமிர்த்தி, அந்தப் பழைய குரலில் ஆரம்பித்தாள்.

“இவருக்கு மாற்றல் வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம், அரைப்புள்ளி, எனக்கு இல்லை. முற்றுப்புள்ளி. உன்னிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, காற்புள்ளி, நீ கோபித்துக்கொள்ளாதே. முற்றுப்புள்ளி. நீ கூடப் பிறந்தவள், அரைப்புள்ளி, இவள் கூட இருந்தவள். முற்றுப்புள்ளி. பதினோரு வருடத்தில் இந்தப் பெண் ஒரு நாளும் வாயை மூடியதில்லை, காற்புள்ளி, நானும் மூடச் சொன்னதில்லை. முற்றுப்புள்ளி. புது வீட்டில் சாயங்காலம் ஆனால் யார் பேசப் போகிறார்கள் என்று நினைத்தால் பயமாயிருக்கு.”

அந்த வரிக்கு முற்றுப்புள்ளி சொல்ல அவளால் முடியவில்லை. வேர்ச்சொல் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தார்.

“ஏண்டி,” என்றாள் பெரியவள். இருபது நாளுக்குப் பிறகு அவளாகப் பேசிய முதல் பேச்சு. “இதைப் படிச்சுட்டு, ஒரு வார்த்தை சொல்லாம, திருத்தி, கீழ ‘மறுபடி காட்டவும்’னு கையெழுத்து வேற போட்டு வச்சியே, எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் மனசைக் கொட்டி வச்சிருக்கேன், நீ அதுல பேச்சு வழக்கு கூடாதுங்கிற.”

“நான் எழுத்தைத்தான்க்கா பார்த்தேன்.”

“நேத்து மத்தியானம்தான் அது எனக்குப் புரிஞ்சுது. பென்சில் உடைஞ்சப்போ. பதினோரு வருஷமா நானும் அதே பொழப்புதானே பார்க்கிறேன். இது மொதல்லேயே தோணியிருக்கணும்.”

“அப்ப நேத்தே பேசியிருக்கலாமே!”

“பேச ஆரம்பிச்சா அழுதுடுவேனோன்னு இருந்துச்சு. அழுதுட்டு எப்படிடி சாமான் கட்டுறது?”

சின்னவளுக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. ஊர் பதினோரு வருடம் காத்திருந்த கோபம். “இருபது நாளைத் தின்னுட்டீங்களேக்கா! இருந்ததே கொஞ்ச நாள். அதுல இருபது நாளு! எதிர்வீட்டுப் பொண்ணு ஓடிப்போச்சு, திரும்பி வந்துச்சு, மறுபடி ஓடிப்போச்சு. இதையெல்லாம் நான் யார்கிட்டச் சொல்லுவேன்? என் புருஷன்கிட்டச் சொன்னா ‘உம்’ங்கிறாரு. வயிறு உப்பிக் கிடக்கேன் நான்!”

“மறுபடியுமா ஓடிப்போச்சு?” என்றாள் பெரியவள்.

வேர்ச்சொல் மெதுவாக எழுந்து, நான்கு மேற்கோளையும் நீலப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, தன் அறையை அவர்களுக்கே விட்டுவிட்டு வெளியே போனார். போகும்போது கதவருகில் நின்று, “நாலாவதை அடிக்க மனசே வரல” என்றார். அவர்கள் கவனிக்கவில்லை.

அன்று மிச்சமிருந்த பக்கங்களில் ஒப்பிட்டது மொத்தம் எட்டு வரி. மாலையில் நான்கு பேருந்துகளை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். வாசலுக்கு வந்தும் உள்ளே வரவில்லை. அண்ணன் ஜன்னல் வழியே பார்த்தார். “டேய், பேச்சு வந்துடுச்சு” என்றார் தம்பியிடம். “அய்யோ” என்றான் தம்பி. ஆனால் இருவரும் சிரித்துக்கொண்டார்கள். தரையில் பால் துடைத்துத் துடைத்து அவர்களுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது.

சனிக்கிழமை பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றினார்கள். ஒரு தட்டு சுற்ற ஒரு மணி நேரம். தாளில் அச்சாகியிருந்ததை வேறு சின்னவள் உரக்க வாசித்தாள், இந்த முறை விஷயத்துக்காக. அண்ணனும் தம்பியும் மிச்ச வீட்டை முழுக்கத் தாங்களே கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லாரி சொன்ன நேரத்துக்கு வந்து தொலைத்தது. வேறு நாளாக இருந்தால் மூன்று மணி நேரம் தாமதமாக வந்திருக்கும். பீரோ ஏறியது, கட்டில் ஏறியது, அண்ணன் சாமான்களோடு பின்னால் ஏறிக்கொண்டார். முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் பெரியவள் உட்கார்ந்தாள். சின்னவள் படியில் ஒரு கால் வைத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டுப் பெண் இரண்டாவது முறை திரும்பி வந்தபோது என்ன உடுத்தியிருந்தாள் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவள் நிறுத்தவில்லை. வண்டி உறுமியது. அவள் குரலை உயர்த்தினாள்.

“தெருமுனை வரைக்கும் வரேன்” என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து ஏறி, பெரியவளை இடித்து நகர்த்தி உட்கார்ந்துகொண்டாள். வீட்டு உடுப்பு, ரப்பர் செருப்பு, கொண்டையில் பென்சில். அவள் புருஷன் வாசலில் இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பையோடு வாயைப் பிளந்து நின்றான். தெருமுனை வந்தது, போனது. கடைத்தெரு வந்தது, போனது. ஊர் எல்லைப் பாலமும் போன பிறகு ஓட்டுநர் பொறுக்க முடியாமல் கேட்டார்.

“இந்தம்மா எங்க இறங்கணும்?”

பெரியவள் சின்னவளின் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“நீங்க ஓட்டுங்க,” என்றாள். “அவ இன்னும் பேசி முடிக்கல.”